எந்த ஸாரி?

2003-ல் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். பெரிய விஷயமில்லை, மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். ஆபரேஷனும் நன்றாகவே முடிந்தது. இரண்டாவது நாள் சாயங்காலம் இட்லி கேட்டுச் சாப்பிட்டார். பக்கத்து பெட்காரரிடம் பேப்பர் வாங்கிப் படித்தார். அன்று பின்னிரவு மூன்று மணிக்கு மூச்சுத் திணறல். நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாலரை.

காரிடாரில் ஒரு டியூட்டி டாக்டர் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஸாரி சார்" என்றார். வேறு எதுவும் சொல்ல வரவில்லை அவருக்கு. ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. ஆனால் என் பக்கத்தில் நின்றிருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பி, நன்றாகவே கேட்டிருக்கிறது. மாமா முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"கேட்டியாடா? ஸாரின்னு சொல்றான். தப்பு நடக்கலேன்னா எதுக்கு ஸாரி சொல்றான்?"

அந்தக் கேள்வி அடுத்த இரண்டு வருஷம் என்னை விடவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து ஒரு பெரியவர் எங்களை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ரத்தக்கட்டி, நுரையீரல், ஆயிரத்தில் ஒருவருக்கு, யாராலும் தடுக்க முடியாது என்று ஒரு பாடம் மாதிரி ஒப்பித்தார். 'ஸாரி' என்ற வார்த்தையை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்தார். இடையில் ஒரு கேள்வி கேட்டார்: "டியூட்டி டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" மாமா என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த இளைஞரை நாங்கள் பார்க்கவே முடியவில்லை. ஷிஃப்ட் மாற்றிவிட்டார்களாம்.

காரியங்கள் முடிந்த பிறகு மாமா என்னை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனார். 1995-ல் சுப்ரீம் கோர்ட் டாக்டர்களின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதனால் கேஸ் போடலாம், கெடு இரண்டு வருஷம் என்றார் வக்கீல். கேஸ் ஷீட்டின் நகலைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, "டாக்டர் என்ன சொன்னார்? அதே வார்த்தை எனக்கு வேணும்" என்றார்.

"ஸாரின்னார்."

"எந்த ஸாரி?"

நான் விழித்தேன். "தப்புப் பண்ணிட்டேன் ஸாரியா, அப்பா போய்ட்டாரேன்னு ஸாரியா?"

நியாயமான கேள்விதான். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். அதன் பிறகு அகப்பட்ட அகராதியிலெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத் தேட ஆரம்பித்தேன். துக்கத்தில் மனுஷன் எதையாவது பிடித்துக்கொள்வான். நான் பிடித்துக்கொண்டது ஐந்தெழுத்து இங்கிலீஷ் வார்த்தை.

பழைய ஆங்கிலத்தில் அது 'ஸாரிக்'. வேர், 'ஸார்'. இன்றைக்கு நாம் தொண்டைப் புண்ணுக்கு 'ஸோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'ஸோர்' தான். புண், வலி, ரணம். ஆயிரம் வருஷம் முன்பு ஓர் ஆங்கிலேயன் தன்னை 'ஸாரி' என்று சொன்னால், எனக்கு உள்ளே வலிக்கிறது என்று பொருள். தப்பு, மன்னிப்பு, அடுத்தவன் இதெல்லாம் அந்த வார்த்தைக்குள் கிடையாது. துக்கத்தைக் குறிக்கும் 'ஸாரோ' என்ற சொல்லிலிருந்துதான் இது வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 'ஸாரோ'வின் குடும்பம் வேறு. கவலையைக் குறிக்கும் ஜெர்மன் 'ஸோர்கெ' அதற்குப் பங்காளி. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து பழகி, முகஜாடையும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவன் மனைவிக்கு ஒரே ஜாடை வந்துவிடுகிற மாதிரி.

ஜெர்மன்காரர்கள் 'ரொம்ப' என்பதற்கு 'ஸேர்' என்கிறார்கள் இல்லையா, அதுவும் இதே புண்தான். வலிக்க வலிக்க என்பது தேய்ந்து வெறும் ரொம்ப ஆகிவிட்டது. நாம் 'பயங்கரமா நல்லா இருக்கு' என்று சொல்வதில் பயங்கரம் எங்கே போயிற்று? அந்த மாதிரி.

'ஸாரி' என்று தனியாக ஒரே வார்த்தையை வீசிவிட்டுப் போகும் வழக்கம் ரொம்பப் பிந்தியது, 19-ம் நூற்றாண்டுச் சமாசாரம். அதற்கு அப்புறம் அது தேய்ந்த தேய்வு! கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியல் அம்மையார் தன் சொந்த இங்கிலாந்து ஜனங்களைப் பற்றி 2004-ல் ஒரு புத்தகம் எழுதினார். கூட்டமான இடங்களில் வேண்டுமென்றே போய் ஆட்கள் மேல் முட்டிப் பார்த்திருக்கிறார். முட்டியவர் இவர். ஆனால் முட்டு வாங்கியவர்களில் சுமார் 80 சதவிகிதம் பேர் 'ஸாரி' சொன்னார்களாம். நம் ஊரில் இந்த ஆராய்ச்சியைச் செய்திருந்தால் அம்மையாருக்கு வேறு வார்த்தைகள் கிடைத்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. மன்னிப்பு கேட்பதற்கு அவர்களிடம் இருக்கிற கனமான வார்த்தை 'அபாலஜி'. அதன் கிரேக்க மூலம் 'அபாலகியா'. அர்த்தம், கோர்ட்டில் நின்று தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லும் வாதம். கி.மு. 399-ல் ஏதென்ஸில் விசாரணைக் கூண்டில் நின்ற சாக்ரடீஸின் பேச்சை பிளேட்டோ எழுதிவைத்தாரே, அந்த நூலுக்கு அதுதான் பெயர். அதில் சாக்ரடீஸ் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. நான் செய்தது சரி என்றுதான் கடைசி வரை பேசுகிறார். ஆக, 'என் மேல் தப்பில்லை' என்ற வார்த்தை நாளாவட்டத்தில் 'என் மேல்தான் தப்பு' ஆகியிருக்கிறது. 'எனக்கு வலிக்கிறது' என்ற வார்த்தையும் வந்து சேர்ந்தது அங்கேயேதான்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜே.எல். ஆஸ்டின் என்று ஒரு தத்துவப் பேராசிரியர் இருந்தார். சில வாக்கியங்கள் சேதி சொல்வதில்லை, காரியமே செய்துவிடுகின்றன என்பது அவர் கண்டுபிடிப்பு. 'இந்தக் கப்பலுக்கு இந்தப் பெயர் வைக்கிறேன்' என்று சொல்லும்போதே பெயர் வைத்தாகிவிட்டது. 'ஐ அபாலஜைஸ்' என்பது அந்த ஜாதி. 'ஐ ஆம் ஸாரி' அப்படியில்லை, பாதிக் காரியம், பாதி தன் மனசைப் பற்றிய வர்ணனை என்கிறார். என் வக்கீல் ஆஸ்டினைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கேட்டது அதையேதான்.

நாம் என்ன செய்கிறோம்? 'மன்னிச்சுக்கோ' என்கிறோம். யோசித்துப் பாருங்கள், இலக்கணப்படி அது ஒரு கட்டளை! மிதித்தவன் நான், வேலை உனக்கு. 'பொறுத்துக்கோங்க' என்பது இன்னும் மோசம். பொறுப்பது என்றால் சுமப்பது. பாரத்தை இறக்கி அடுத்தவர் தலையில் வைக்கிறோம். வள்ளுவரும் பொறுத்துக்கொள்கிறவனுக்குத்தான் ஓர் அதிகாரம் முழுக்கப் புத்தி சொல்கிறார். மன்னிப்பு கேட்க வேண்டியவனுக்குத் தனி அதிகாரம் எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ நமக்கு 'ஸாரி' அவ்வளவு சௌகரியமாகப் போய்விட்டது. பஸ்ஸில் காலை மிதித்தாலும் ஸாரி, காதலியை ஒரு மணி நேரம் காக்கவைத்தாலும் ஸாரி. யாரும் எதையும் சுமக்க வேண்டாம்.

ஆனால் வார்த்தையில்லாத ஒரு ஸாரி நம்மிடம் உண்டு. தெரியாமல் கால் பட்டுவிட்டால் சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அது. மனுஷர் மேல் பட்டாலும் சரி, புஸ்தகத்தின் மேல் பட்டாலும் சரி. தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்ற விசாரணையே அங்கே இல்லை. பட்டது, அதனால் ஒற்றிக்கொள்கிறோம்.

அப்போது என்னைக் குழப்பியது ஒரு பழைய பேப்பர் செய்தி. 2001 ஏப்ரல் 1. சீனாவின் ஹைனான் தீவு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் கடலில் காணாமல் போனார். அமெரிக்க விமானம் ஹைனானில் இறங்க, அதிலிருந்த 24 பேரும் பிடிபட்டார்கள். மன்னிப்பு கேள் என்றது சீனா. தப்பே செய்யாதபோது எதற்கு என்றது அமெரிக்கா. 11 நாள் இழுபறிக்குப் பிறகு அமெரிக்கத் தூதர் ஒரு கடிதம் கொடுத்தார். விமானியின் மரணத்துக்கு ஒரு 'வெரி ஸாரி', அனுமதியில்லாமல் தரையிறங்கியதற்கு ஒரு 'வெரி ஸாரி'. சீனா அதைத் தன் மொழியில் ஆழ்ந்த மன்னிப்பு என்ற அர்த்தம் தொனிக்கும்படி வெளியிட்டது. அமெரிக்கா தன் ஜனங்களிடம் இது மன்னிப்பே இல்லை, வருத்தம் என்றது. 24 பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஐந்தெழுத்துக்குள் இரண்டு அர்த்தம் இருந்ததால் தப்பித்தார்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "ஆக, வழவழன்னு ஒரு வார்த்தைடா அது. வழுக்கிட்டுப் போறதுக்காகவே செஞ்சது" என்றார். அப்போது எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த அபிப்பிராயத்தை மாற்றியது ஆஸ்திரேலியா.

அங்கே சுமார் 1910-லிருந்து 1970 வரை, பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போவதை அரசாங்கமே ஒரு கொள்கையாக வைத்திருந்தது. முக்கியமாக, வெள்ளை ரத்தம் கலந்த பிள்ளைகளை. விடுதிகளிலும் மிஷன்களிலும் வளர்த்து, பெண் என்றால் வீட்டு வேலைக்கு, பையன் என்றால் பண்ணை வேலைக்கு அனுப்பினார்கள். பல பேருக்குத் தாய்மொழி மறந்தது, தாயின் முகமும் மறந்தது. 1997-ல் இதை விசாரித்து சுமார் 700 பக்கத்துக்கு ஓர் அறிக்கை வந்தது. பத்தில் ஒரு குழந்தையிலிருந்து மூன்றில் ஒரு குழந்தை வரை இப்படிப் பறிபோயிருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. நாடாளுமன்றம் முறைப்படி மன்னிப்பு கேட்க வேண்டும் என்றது.

பிரதமர் ஜான் ஹோவர்ட் முடியாது என்றார். அவர் வாதத்தை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. முந்தைய தலைமுறை செய்ததற்கு இன்றைய தலைமுறை எப்படிக் குற்றவாளி ஆகும்? செய்யாத தப்புக்கு ஒருவன் மன்னிப்பு கேட்க முடியுமா? கேட்டால் அது பொய்யாகாதா? 1999-ல் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 'ஆழ்ந்த, உண்மையான வருத்தம்' என்று அதில் இருந்தது. 'ரிக்ரெட்'. 'ஸாரி' இல்லை.

ஜனங்கள் விடவில்லை. 1998 மே 26-ம் தேதியை 'ஸாரி டே' என்று வைத்துவிட்டிருந்தார்கள். ஊர் ஊராக நோட்டுப் புத்தகங்கள் வைத்து, லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2000 மே 28 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். பாலத்தைக் கடந்து முடிக்க ஊர்வலத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. அப்போது ஒரு விமானம் நீல வானத்தில் புகையால் ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போனது: 'ஸாரி'. அந்தப் போட்டோவை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம்.

ஒரு வார்த்தைக்காகவா இத்தனை? என் கேள்வியும் அதுதான். பதில் அந்தப் பூர்வகுடி ஜனங்களிடம் இருந்தது. அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் 'ஸாரி பிஸினஸ்' என்று ஒன்று உண்டு. வியாபாரம் இல்லை, சாவுச் சடங்கு. ஒருவர் இறந்துவிட்டால் உறவுக்காரர்கள் எங்கிருந்தாலும் வந்து கூடுகிறார்கள், சேர்ந்து உட்கார்ந்து அழுகிறார்கள், பல சமூகங்களில் இறந்தவர் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் 'ஸாரி'. வெள்ளைக்காரனே தொலைத்துவிட்ட பழைய அர்த்தத்தை, அந்தப் புண்ணை, அவனிடம் எல்லாவற்றையும் இழந்த ஜனங்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஹோவர்டிடம் கேட்டது, நீ குற்றவாளி என்று ஒப்புக்கொள் என்பதை மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, வாசலில் நின்று 'ரிக்ரெட்' என்கிறாயே, உள்ளே வந்து உட்காரு என்பதையும்தான்.

2007 நவம்பர் தேர்தலில் ஹோவர்ட் ஆட்சியையும் இழந்தார், தன் சொந்தத் தொகுதியையும் இழந்தார். 2008 பிப்ரவரி 13 அன்று புதுப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து 'ஸாரி' சொன்னார், மூன்று தடவை. மாடத்தில், குழந்தையாக இருந்தபோது பறிக்கப்பட்டுக் கிழவர்களாகிவிட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னாள் பிரதமர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். ஹோவர்ட் வரவில்லை. நஷ்டஈடு பற்றி அன்று பேச்சில்லை. வெறும் வார்த்தைதானே என்று கேலி செய்தவர்களும் உண்டு. 2021-ல்தான் மத்திய அரசு தன் நேரடி நிர்வாகத்தில் இருந்த பகுதிகளுக்கு ஒரு நிவாரணத் திட்டம் அறிவித்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கேலியில் பாதி நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

நம் விஷயமும் இருக்கிறது. ஜாலியன்வாலாபாக் நூற்றாண்டு வந்தபோது, 2019 ஏப்ரலில், பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் சொன்னது 'ஆழ்ந்து வருந்துகிறோம்' என்பதுதான். அதுவும் 'ரிக்ரெட்'. நடைபாதையில் முட்டியவனிடம்கூட ஸாரி சொல்கிற ஊர் அது.

டாக்டரிடம் திரும்பி வருகிறேன். அமெரிக்காவில் 1970-களில் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி இறந்துபோனாள். அவள் அப்பா மாஸசூஸெட்ஸ் மாநில செனட்டர். கார் ஓட்டியவர் கடைசி வரை ஒரு வார்த்தை வந்து சொல்லவில்லை. அது அந்தத் தகப்பனை அரித்திருக்கிறது. விசாரித்தால், அந்த ஆள் கல்நெஞ்சுக்காரர் என்பதால் இல்லையாம். 'ஸாரி' என்றால் அதையே ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துக் கோர்ட்டில் தீட்டிவிடுவார்கள் என்ற பயம். அதன் பலனாக 1986-ல் அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவரிடமோ குடும்பத்தாரிடமோ அனுதாபமாகச் சொன்ன வார்த்தையைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிற்பாடு அங்கே பல மாநிலங்கள் இதே மாதிரி செய்தன. 2006-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஒரு படி மேலே போய், தப்பை ஒப்புக்கொண்டு கேட்கும் மன்னிப்பையும் இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அதே வருஷம் பிரிட்டனிலும், மன்னிப்பு கேட்டதாலேயே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சட்டத்தில் எழுதினார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எந்தச் சேதமும் வராது என்று உறுதி கொடுத்த பிறகு சொல்லும் ஸாரிக்கு என்ன மதிப்பு? தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது சொல்வதல்லவா நிஜம்? நான் இப்படி யோசித்துக்கொண்டே போனபோது அந்தக் காரிடார் நினைவுக்கு வந்தது. அந்தப் பையனுக்கு எந்தச் சட்டமும் பாதுகாப்புத் தரவில்லை. சொல்லக் கூடாது என்று அவனுக்குச் சொல்லியும் இருந்திருப்பார்கள். அந்தக் கட்டடம் முழுக்க எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னது அவன் ஒருத்தன்தான். அதைத்தான் நாங்கள் பத்திரமாக எடுத்து வக்கீல் மேஜையில் வைத்திருக்கிறோம்.

தப்பு நடந்ததா? இன்று வரை எனக்குத் தெரியாது. நடந்திருக்கலாம். சரியான நேரத்தில் யாராவது வந்து பார்த்திருந்தால் என்று இப்போதும் சில ராத்திரி தோன்றும். தப்பு என்றால் கேட்கத்தான் வேண்டும், கேஸ் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்களிடம் வேறு ஆதாரம் இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன். இருந்தது அந்த ஒரு 'ஸாரி' மட்டும்.

அது தவிர, மாமாவிடமும் வக்கீலிடமும் நான் சொல்லாத ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது அப்பா, "இன்னிக்கு ராத்திரி இங்கேயே இரேன்டா" என்றார். அவர் அப்படியெல்லாம் கேட்கிற ஆளே இல்லை. மறுநாள் காலையில் ஆபீஸில் ஆடிட். "அதான் நர்ஸ் இருக்காங்களே, காலைல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். 'ஸாரிப்பா' என்றுகூடச் சொன்னேன், சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டே. நான் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லவில்லை. நானே கூடுதலாக ஒரு மணி நேரம் முன்னால் நர்ஸை எழுப்பியிருப்பேனோ, அவ்வளவுதான். ஆனால் அந்த டாக்டரின் ஸாரியை நான் இரண்டு வருஷம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததற்கு, என்னுடையதைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு காரணம்.

மாமா மாசத்துக்கு ஒருதரம் ஞாபகப்படுத்துவார். "கெடு போயிண்டே இருக்கு." நான் கேஸ் ஷீட் இன்னும் முழுசாக வரவில்லை என்பேன், வக்கீல் ஊரில் இல்லை என்பேன். 2005-ல் அப்பாவின் தேதி வந்து, போயிற்று. அதற்கு மறுநாள் ராத்திரி மாமா போன் செய்தார்.

"நாள் போச்சுடா" என்றார்.

"ஸாரி மாமா" என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். அப்பா இருக்கச் சொன்னது, ஆடிட், சில்லறை எல்லாம். மாமா குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"சாப்ட்டியா?" என்றார்.